சுவரோர வரிசையின் முதல் கல்

போன மாதம் எங்கள் பழைய கல்லறைத் தோட்டத்து ஆபீஸிலிருந்து நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். தோட்டத்தில் உள்ள ஒவ்வொரு கல்லையும் போனில் படம் எடுத்து, அது இருக்கும் இடத்தோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை நடக்கிறதாம்.

“ஏனுங் ஆன்ட்டி, செவுத்தோர வரிசையில மொதக் கல்லுக்கு அடியில சின்னதா ஒரு அம்புக்குறி செதுக்கியிருக்குதுங்களே, அது என்னதுங்க? அதை எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியலீங்க.”

“அது எந்தக் கட்டத்துலயும் அடங்காது கண்ணு. என்ற தலையெழுத்து அது” என்றேன்.

சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கு இருபத்தைந்து வயது. எழுதியே தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை பாருங்கள்.

நான் சூலூர்க்காரி. அப்பாவுக்கு நாலு விசைத்தறி. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது பங்குச் சாமியார் மூலம் இந்த வேலை வந்தது. கல்லறைத் தோட்டத்தில் கிளார்க் என்றதும் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் டிபன் பாக்ஸில் புளிசாதம் கட்டிக் கையில் கொடுத்து, “வந்ததும் குளிச்சுப்போட்டுத்தான் உள்ள வரோணும்” என்றாள். இருபத்தெட்டு வருஷம் சூலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் வந்தேன். கல்யாணம் ஆகி, பையன் பிறந்து, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகும்கூட குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன்.

வேலை கற்றுக்கொண்ட கதையை நீட்ட விரும்பவில்லை. முதல் இரண்டு வருஷம் பதிவேடுகளைப் பிரதி எடுத்தேன், தும்மினேன், கறையானோடு சண்டை போட்டேன். மற்றதெல்லாம் பாஸ்கல் சார் சொல்லிக் கொடுத்தது.

பாஸ்கல் சார் தோட்டத்தின் செயலாளர். போத்தனூரில் சரக்கு ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் இல்லாத பதவி, ஆனால் காலை பதினோரு மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தி நான் பார்த்ததில்லை. கையில் ஒரு பிளாஸ்க் இருக்கும். துக்கத்தோடு யார் வந்தாலும் பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி முதலில் அவர்களிடம் நீட்டுவார். அவர்கள் உட்காரும் வரை தான் உட்கார மாட்டார். யாரையும் அதட்டிப் பேசியதே இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். “லில்லி, இதைப் பாரும்மா” என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். “லில்லியம்மாங்களே, கொஞ்சம் இப்படி வர்றீங்களாங்க” என்று வந்தால் நான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன் என்று புரிந்துவிடும்.

கல்லைப் படிக்க அவர் சொல்லிக் கொடுத்த முறையை இப்போதும் அப்படியே சொல்வேன். கம்பி பிரஷ் கூடாது. சாக்பீஸ், விபூதி, மாவு எதையும் எழுத்தின் மேல் தேய்க்கக் கூடாது. வெறும் தண்ணீர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான். காலை ஏழரைக்குள் போய்விட வேண்டும். உச்சி வெயிலில் கல் வாயைத் திறக்காது. கண்ணாடியால் வெயிலை வாங்கிக் கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் தேய்ந்துபோன எழுத்துக்கும் மெல்லிய நிழல் விழும். நிழலைத்தான் படிக்க வேண்டும். படித்ததைப் பென்சிலில் எழுத வேண்டும்.

பேனாவால் எழுதுவதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். “ஒரு கல்லுக்கு ரெண்டு சாட்சி வேணுங்க. கல்லு சொல்றதை இன்னொரு இடமும் சொல்லோணும். அப்பறந்தான் பேனா.” அடக்கப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு என்று ஒவ்வொன்றாகப் போய், ஞானத்தாய் யார் என்று பார்த்து, அவர்கள் தெருவைத் தேடி நடக்க வேண்டும். அந்தத் தெருவில் யாராவது “ஓ, அவரா!” என்று சொல்லி, உட்கார வைத்து, ஒரு வாய் காபி கொடுக்கும் வரை அந்தக் கல்லின் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

ஒருமுறை ஒரு வெள்ளைக் கல்லில் ‘பேண்டு மாஸ்டர்’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. பெயரே இல்லை. நானும் ஆசையாகத் தேடினேன். எட்டு மாதம் அலைந்து உக்கடம் பக்கம் ஒரு தையல்கடையில் அவருடைய பேரனைக் கண்டுபிடித்தேன். பேரன் வாயில் வைத்திருந்த நூலைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “மாஸ்டரா? அட போங்க அம்மணி! எங்க தாத்தன் பெரிய மோளம் மட்டுந்தான் அடிப்பாருங்க. அதுவும் தாளம் தப்பும். ஆசைக்கு எங்கப்பா அப்படி எழுதிப்போட்டாருங்க.” கல்லும் பொய் சொல்லும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாஸ்கல் சார் கேட்டுவிட்டு அன்று முழுக்கத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து நான் ஒரு தனி நோட்டுப் போட்டேன். பதிவேட்டில் வராத விஷயங்களுக்காக. ஒருவருக்கு ஒரு பக்கம். என்ன வேலை, என்ன குணம், எதைச் சாப்பிடுவார், எதற்குக் கோபம் வரும், யார் வந்து பார்க்கிறார்கள், அவர்கள் என்ன உறவு. புதிதாக அடக்கம் ஆகிறவர்களின் வீட்டார் வந்தாலும் உட்கார வைத்துக் கேட்டு எழுதுவேன். கமிட்டியில் சிலர் “லில்லி கதை எழுதறா” என்று கேலி செய்தார்கள். ஆள் நோட்டு என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

இப்போது சுவரோர வரிசைக்கு வருகிறேன்.

மேற்குச் சுவரை ஒட்டி ஏழு குழிகள். சிமெண்டு கட்டுமானம் கிடையாது. மண் மேடும் தலைமாட்டில் ஒரு கல்லும்தான். ஐந்துக்கு யாரும் வருவதில்லை, வம்சமே ஊரைவிட்டுப் போய்விட்டது. மற்ற இரண்டும் புதியவை. ஒன்று பஞ்சாலை பிட்டர் அந்தோணிமுத்துவுடையது. இன்னொன்று ரோஸி என்ற நாலு வயதுக் குழந்தையுடையது. இரண்டு அடக்கமும் என் பையன் பிறந்து நான் விடுப்பில் இருந்தபோது நடந்தவை. நான் கண்ணால் பார்க்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் அடைமழை. சுவர் அந்த வரிசையின் மேலேயே சரிந்தது. ஏழு கல்லும் பிடுங்கிக்கொண்டு சேற்றில் கிடந்தன, மேடுகள் இருந்த தடமே இல்லை. பாஸ்கல் சாருக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன். பழைய குழி வெட்டுபவர் போய்விட்டார், மாணிக்கம் புதிதாகச் சேர்ந்திருந்தார். நான் பதிவேட்டின் பின்னால் ஒட்டியிருந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று அந்தோணிமுத்து, ஏழு ரோஸி. கேட்டுப் பக்கத்திலிருந்து எண்ணி, ஒவ்வொரு கல்லாக நட வைத்தேன். அரை நாளில் முடித்துவிட்ட பெருமையோடு கண்ணில் கட்டுடன் இருந்த சாரிடம் போய்க் கையெழுத்தும் வாங்கினேன். ஒரு கல்லுக்கு இரண்டு சாட்சி என்று அன்று அவர் கேட்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

ஒரு சாட்சி தானாகவே வந்தது. நான்தான் விரட்டிவிட்டேன்.

அந்தோணிமுத்துவின் மனைவி ரெஜினாம்மா மாதம் தவறாமல் முதல் வெள்ளிக்கிழமை வருவார். சிங்காநல்லூரிலிருந்து மகள் புஷ்பா கூட்டி வருவாள். கல் நட்ட பிறகு முதல்முறை வந்தவர் வரிசையின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் இருந்த வேப்பமரத்தையே பார்த்தார்.

“ஏங்கண்ணு, எங்கூட்டுக்காரரு அந்த வேம்பு நெழல்ல இல்ல இருந்தாரு?”

“இல்லீங்கம்மா. வரைபடத்துல இங்கதான் போட்டிருக்குது. மரம் வளந்ததுல நெழல் மாறித் தெரியுமுங்க.”

“அப்படிங்கறயா?”

“பதிவேட்டுல இருக்குதுங்கம்மா.”

பதிவேடு என்றதும் அந்த அம்மாள் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். படிக்காதவர். எழுத்தில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். அடுத்த முறையிலிருந்து ஒரு கறுப்புக் குடையோடு வந்தார். புஷ்பா குடை பிடிக்க, வெயிலில் உட்கார்ந்து, மெழுகுவத்தி ஏற்றி, புருஷனை நன்றாகத் திட்டுவார். கரண்டு பில் எக்குத்தப்பாக வந்தது, பேரன் பாடத்தில் கோட்டை விட்டது, மருமகன் வண்டியை எங்கேயோ இடித்தது எல்லாம் சொல்லித் திட்டுவார். திட்டி முடித்தால் மெல்லிய குரலில் ஒரு மாதா பாட்டுப் பாடிவிட்டு எழுந்திருப்பார். ஆபீஸ் ஜன்னலில் இருந்து எனக்குக் கேட்கும்.

அதே வருஷக் கடைசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து சகாயமேரி முதல்முறையாக வந்தாள். ரோஸியின் அம்மா. உருளைக்கிழங்கு மண்டியில் கிழங்கு தரம் பிரிக்கிறவள். அம்மாவும் பிள்ளையும் ஒரே காய்ச்சலில் இங்கே பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள். பிள்ளை போனபோது இவளுக்கு நினைவில்லை. புருஷன் தனி ஒருவனாக அடக்கம் செய்து, கல் நட்டுவிட்டுப் போனவன், மறுபடி இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. “எனக்கு எடம் தெரியாதுங்க, காட்டுங்க” என்றாள். நான் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.

“நெழல்லதானுங்க இருக்கா?” என்றாள்.

“ஆமாங்க. நல்ல நெழல்.”

அவள் உட்கார்ந்து அந்த மண்ணைத் தடவிக் கொடுத்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். ஜூன் மாதம் பிள்ளையின் பிறந்த நாளுக்கு ஒன்று, நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஒன்று. வரும்போது ஒரு தேங்காய் பன் வாங்கி வருவாள், பிள்ளைக்கு உயிராம். பன்னைக் கல்லருகில் வைத்துவிட்டு மணிக்கணக்காகப் பேசுவாள். புருஷன் குடிக்கிறது, மண்டியில் யாரோ வைதது, இடுப்பு வலி, எல்லாம். இப்படி ஒன்பது வருஷம் போனது.

அதற்கடுத்து வந்த மாசி மாதம் ரெஜினாம்மா தவறிப்போனார். புஷ்பா வந்து அப்பாவின் குழியிலேயே அம்மாவையும் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். அது எங்களிடம் உள்ள வழக்கம். காலம் கழிந்த குழியைக் குடும்பத்துக்காகத் திறந்து, முன்னவரின் எலும்பை வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்து, அவர் மேலேயே பின்னவரை வைப்போம். அடக்கம் மறுநாள் மாலை நாலு மணிக்கு.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாணிக்கம் வெட்ட ஆரம்பித்தார். ஏதாவது வேண்டும் என்றால் அங்கிருந்தே “அம்மணியோவ்!” என்று ஊருக்கே கேட்கக் கூப்பிடுகிற மனிதர். அன்று பத்தரை மணிக்குக் குழாயில் கை கழுவிவிட்டு, ஆபீஸ் வாசலில் வந்து சத்தமில்லாமல் நின்றார்.

“கொஞ்சம் வாங்க அம்மணி. பதட்டப்படாம வாங்க.”

போனேன். குழிக்குள் தன் துண்டை விரித்து மூடியிருந்தார்.

“இது பெரியவரு இல்லீங்க. கொழந்தைங்க.” துண்டின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். “பொட்டி இத்துப்போச்சுங்க. கண்ணாடி வளையல் கெடக்குது, பச்சை. நான் கை வைக்கலீங்க.”

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் உட்காரவும் கூசியது. சிங்காநல்லூரில் ரெஜினாம்மா பெட்டிக்குள் காத்திருக்கிறார். நாலு மணிக்கு ஊர்வலம் வந்துவிடும். அந்த அம்மாளை நான் எங்கே வைப்பேன்?

பதினோரு மணிக்கு பாஸ்கல் சார் வந்தார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. நான் சொல்லச் சொல்ல பிளாஸ்க்கை மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்.

“லில்லியம்மாங்களே, கல்லு நட்டப்போ எந்தப் பக்கத்துல இருந்துங்க எண்ணுனீங்க?”

“கேட்டுப் பக்கத்துல இருந்துங்க சார்.”

“எந்தக் கேட்டுங்க?”

அந்தக் கேள்வியை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். எனக்குத் தெரிந்து தோட்டத்துக்கு ஒரே கேட், தெற்கில் ரோட்டைப் பார்த்த கேட். நான் வேலைக்குச் சேர்வதற்கு எவ்வளவோ முன்னால் கேட் வடக்கில் இருந்திருக்கிறது, வேப்பமரத்தை ஒட்டி. வரைபடமும் அதன் எண்களும் அந்தக் காலத்தவை, புதிய பெயர்களை மட்டும் பின்னால் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒன்று அங்கேதான் தொடங்குகிறது. நான் ஒரு வரிசையையே தலைகீழாக நட்டிருக்கிறேன். நடுவில் இருந்த நாலாம் கல் மட்டும் சரி, அதுவும் என் புண்ணியத்தால் இல்லை.

“அப்ப பெரியவர் வேப்பமரத்தடியிலங்களா சார்?”

“இது ஒரு சாட்சிதானுங்க. ரெண்டாவது எங்கீங்க?”

இன்னொரு குழியையும் தப்பாகத் திறக்க முடியாது. அடக்கப் பதிவேட்டைப் பிரித்தோம். அந்தோணிமுத்து பெயருக்கு நேரே குறிப்புக் கட்டத்தில் பழைய குழி வெட்டுபவர் சொல்லி எழுதிய ஒரு வரி இருந்தது: ‘மூன்றடியில் வேம்பு வேர், வெட்டி எடுத்தது.’ ஒன்பது வருஷமாக அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது. பதிவேட்டில் இருக்கிறது என்று அந்த அம்மாளிடம் அடித்துச் சொன்னேனே, அந்தப் பதிவேட்டைத்தான் நான் படிக்கவே இல்லை.

சார் பெருமூச்சு விட்டார். “தோண்டலாமுங்க. ஆனா ஆளு அவருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

அப்போதுதான் ஆள் நோட்டு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்தேன். அந்தோணிமுத்துவின் பக்கத்தில் ரெஜினாம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது: ‘மில்லில் பஞ்சுப் பொதி விழுந்து வலது தொடை முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் குடைச்சல் எடுக்கும், வீட்டில் எல்லோரையும் திட்டுவார். சர்க்கரை வியாதி. இனிப்பை ஒளித்து வைக்க வேண்டும்.’

முதலில் குழந்தையின் குழியை மூடினோம். மாணிக்கம் மண்வெட்டியைத் தொடவில்லை. குனிந்து, கையாலேயே அள்ளி அள்ளிப் போட்டார். வளையலை எடுக்கவில்லை. சார் ஜெபம் சொன்னார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய், என் கையால் நான் நட்ட ரோஸியின் கல்லை நானே பிடித்துச் சாய்த்து எடுத்தேன்.

ஒன்றே முக்கால் மணிக்கு மாணிக்கத்தின் கடப்பாரை முனையில் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருக்கும், துருவேறாத கம்பி. மாணிக்கம் துடைத்துத் தூக்கிக் காட்டினார்.

“பேனாவுல எழுதிக்கலாமுங்க” என்றார் பாஸ்கல் சார்.

கமிட்டிக்காரர் ஒருவர் வந்திருந்தார். “சரியாப் போச்சில்ல, உடுங்க. புஷ்பாகிட்டச் சொல்லி எதுக்கு வம்பு?” என்றார். சார் அவரிடம் மிக மிக மரியாதையாகச் சொன்னார்: “தாங்கள் கொஞ்ச நேரம் வெளியில இருக்கறீங்களாங்க?” பிறகு என்னைப் பார்த்தார். “பொட்டிய எறக்கறதுக்கு முன்னால சொல்லிப்போடோணும் லில்லி. எறக்குன பொறகு சொன்னா அது வேற. கையெழுத்து என்னுதும் இருக்குது. நானும் வாரேன்.”

ஊர்வலம் வந்ததும் கேட்டருகில் புஷ்பாவைத் தனியாக நிறுத்திச் சொன்னேன். மறைக்காமல், அவள் அம்மா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சேர்த்தே சொன்னேன். அவள் திரும்பி அந்த வேப்பமரத்தைப் பார்த்தாள்.

“எங்கம்மா ஊட்டுக்கு வந்து ஒவ்வொரு வாட்டியும் சொல்லுமுங்க. நெழல்ல இருந்தாரு, நெழல்ல இருந்தாருன்னு. நாந்தான் ‘சும்மா இரும்மா, அவங்க படிச்சவங்க’ன்னு அதட்டுவேன்” என்றாள்.

நான் அவள் காலைத் தொடவே குனிந்துவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “உடுங்கக்கா. இப்பவாச்சும் நெழலுக்குப் போகுது.”

அன்று மாலை ரெஜினாம்மாவைப் புருஷனோடு வைத்தோம்.

மிச்சம் இருந்தது சகாயமேரி. அதுதான் எனக்குப் பெரிய பயம். ஒன்பது வருஷம் ஒரு தாயை வேறொருவர் மண்ணில் உட்கார வைத்துப் பேச விட்டிருக்கிறேன். கல்லை மட்டும் மாற்றி நட்டுவிட்டு, ஜூனில் வரும்போது பார்த்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் வந்து வேப்பமரத்தடியில் பிள்ளையைத் தேடி நிற்கிற காட்சி கண்ணில் வந்துகொண்டே இருந்தது. அடுத்த சனிக்கிழமை நானும் பாஸ்கல் சாரும் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே அவள் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. சார் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தார். அவள் வாங்கிக் கீழே வைத்தாள், குடிக்கவில்லை. நான் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவள் கை நிற்கவில்லை. பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், அழுகல் ஒரு பக்கம்.

“பச்ச வளையலுங்களா?” என்று கேட்டாள்.

“ஆமாங்க.”

“நாந்தான் போட்டு உட்டேன். காய்ச்சலுக்கு மொத நாளு, தேர்க்கடையில வாங்குனது.” கை அப்போதுதான் நின்றது. “அப்ப இத்தன வருசமா நான் யாருகிட்டங்க பேசிட்டிருந்தேன்?”

ஆள் நோட்டைக் கொண்டு போயிருந்தேன். அந்தோணிமுத்துவின் பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பிட்டர் வேலை, தொடைக் கம்பி, மழை வந்தால் கோபம், எல்லாம். சர்க்கரை வியாதி என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“சக்கரையா? அட கெரகமே! தேங்கா பன்னைத்தானுங்களே வெச்சுப்போட்டு வந்தேன், வருசா வருசம்!”

சிரித்துவிட்டாள். சிரிப்போடேயே அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பாஸ்கல் சார் எழுந்து போய் மண்டி வாசலில் நின்றுகொண்டார். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

அழுகை அடங்கியதும் கேட்டாள்: “என்ற புள்ளகிட்ட யாராச்சும் வந்தாங்களா?”

“மாசா மாசம் ஒரு அம்மா வந்தாங்க.”

“என்ன பண்ணுவாங்க?”

“மெழுகுவத்தி ஏத்துவாங்க. ஊட்டுக்காரரைத் திட்டுவாங்க. அப்பறம் பாட்டுப் பாடுவாங்க.”

“பாட்டா? என்ற புள்ள பாட்டுக் கேட்டாத்தானுங்க தூங்குவா” என்றாள். பிறகு வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நான் வருசத்துக்கு ரெண்டு நாளு வந்தேன். யாரோ ஒருத்தங்க மாசா மாசம் வந்திருக்காங்க.” அதில் கோபம் யார் மேல் என்று எனக்கு இன்று வரை தெரியாது. என்னைத் திட்டச் சொன்னேன், திட்டவில்லை. பஸ் ஏறும்போது பின்னாலேயே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அங்க நெழல் இல்லீங்களா?”

“இல்லீங்க.”

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஏழு கல்லையும் திருப்பி நட்டோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்சி பார்த்தோம், அதற்கே நாலு மாதம் ஆனது. எண்ணத் தொடங்கும் கல்லின் அடியில், அதாவது அந்தோணிமுத்துவின் கல்லில், புஷ்பாவிடம் கேட்டுக்கொண்டு ஓர் அம்புக்குறி செதுக்க வைத்தேன். இங்கிருந்து அந்தப் பக்கமாக எண்ண வேண்டும் என்று காட்டுவதற்கு. நாளைக்குக் கேட் எங்கே போனாலும் அது நகராது. நிவேதா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். உங்கள் கம்ப்யூட்டரில் புள்ளி கச்சிதமாக விழும், சந்தோஷம். ஆனால் புள்ளிக்கு அடியில் இருக்கிற ஆளுக்கும் ஒரு பக்கம் வைத்துக்கொள். தொடைக்கம்பியை எந்தப் படத்திலும் எடுக்க முடியாது கண்ணு.

பாஸ்கல் சாரும் இப்போது அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். அவர் கல்லை நட்ட அன்று இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணிப் பார்த்தேன். மேலே இருந்து “லில்லியம்மாங்களே” என்று ஆரம்பித்துவிடக் கூடாது இல்லையா.

ரெஜினாம்மாவை அடக்கம் செய்த அந்த வருஷம் ஜூனில் சகாயமேரி வரவில்லை. நவம்பரில் வருவாளா என்று ஜன்னலிலேயே நின்றேன். வந்தாள். தெற்குக் கோடிக்குப் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் கொளுத்தியது. அம்மா அப்பாவைப் பார்க்க வந்திருந்த புஷ்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பழைய கறுப்புக் குடையை எடுத்துப் போய் அவள் கையில் கொடுத்தாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ரோஸிக்குப் பன் வைத்து, பேசி முடித்து, சகாயமேரி எழுந்து கேட்டைப் பார்த்து வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. குடையை மடக்கிக்கொண்டு நேராக வேப்பமரத்தடிக்குப் போனாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து வைத்தாள். வேகவைத்த நிலக்கடலை.

நான் அருகில் போய் மெதுவாகக் கேட்டேன். “பாப்பா அந்தக் கோடியிலதானுங்களே இருக்குது. இங்க எதுக்குங்க?”

“தெரியுமுங்க” என்றாள். “ஒம்பது வருசம் என்ற கஷ்டமெல்லாம் கேட்ட மனுசனுங்க. ஆளு மாறிப்போச்சுன்னு சொல்லித் திடுதிப்புன்னு உட்டுப்போட முடியுங்களா? பழகிட்டமுங்க.”

இன்றைக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை இரண்டு இடத்திலும் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறாள். அன்று ஆபீஸுக்குத் திரும்பி ஆள் நோட்டை எடுத்தேன். அந்தோணிமுத்துவின் பக்கத்தில் ‘வந்து பார்க்கிறவர்கள்’ என்ற இடத்தில் புஷ்பா, மகள் என்று இருந்தது. அதன் கீழே சகாயமேரி, மேட்டுப்பாளையம் என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் என்ன போடுவது என்று கொஞ்சம் யோசித்தேன். ‘பழக்கம்’ என்று பேனாவிலேயே எழுதினேன்.